முதிய நாயின் கட்டி: கைக்குத் தெரிவதும் ஊசிக்குத் தெரிவதும்

வடசென்னையிலிருந்து வேப்பேரி, மாதவரம் கால்நடை மருத்துவமனைகளுக்குக் கட்டியோடு கொண்டுவரப்படும் வயதான நாயோடு ஒரு வாக்கியமும் சேர்ந்தே வரும்: "ரொம்ப நாளா இருந்துச்சு சார், ஒண்ணும் பண்ணல. இப்பதான் ரெண்டு மாசமா பெருசாவுது." சொல்பவர் காசிமேட்டில் மீன் ஏலத்துக்கு நிற்பவராக இருக்கலாம், திருவொற்றியூரில் ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவராக இருக்கலாம். முதல் பாதியைச் சொல்லும்போது குரலில் ஒரு நிம்மதி. கட்டி 'ஒண்ணும் பண்ணாத' காலம் அது. இரண்டாம் பாதிதான் அவரை ஆட்டோ பிடிக்க வைத்தது. மருத்துவருக்கு அந்த முதல் பாதி மேல்தான் வருத்தம்.

வயதான நாயின் கட்டி பற்றிக் கால்நடை மருத்துவம் இதுவரை சொல்லியிருப்பதைத் திரட்டிப் பார்த்தால் நடுவில் நிற்கும் கேள்வி ஒன்றுதான். கட்டியில் தெரியும் மாற்றத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்? பெரிதானால் கெட்டது, அப்படியே கிடந்தால் நல்லது என்ற கணக்கு நம் எல்லோரிடமும் இருக்கிறது. அது பாதிதான் சரி. மாற்றம் தெரிந்தால் அவசரப்பட வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மாற்றம் தெரியவில்லை என்பது கட்டிக்குக் கிடைத்த நற்சான்றிதழ் ஆகாது. நம் கை மாற்றத்தைக் கண்டுபிடிக்கும். கட்டிக்குப் பெயர் வைக்க அதற்குத் தெரியாது.

முதலில், எது வயது? பொமரேனியன் போன்ற சின்ன உடம்புக்குப் பத்து வயது வாக்கில் முதுமை வரும். லாப்ரடாருக்கு ஏழு எட்டிலேயே தொடங்கிவிடும். கிரேட் டேன் அளவுக்குப் பெரிய நாய்க்கு ஆறு. நாட்டு நாய் வீட்டுச் சோறும் தடுப்பூசியும் கிடைத்தால் பன்னிரண்டு, பதினான்கு வருடம் இருக்கும். தெருவிலேயே கிடந்து அந்த வயதைத் தொடுவது அபூர்வம். ராயபுரம் சந்துகளிலும் எண்ணூர்க் குப்பங்களிலும் இந்த இரண்டுக்கும் நடுவே இன்னொரு வகை உண்டு. கழுத்தில் பட்டை இருக்கும், கூப்பிட ஒரு பெயர் இருக்கும், மூன்று வீட்டில் சோறு கிடைக்கும். ஆனால் ஆஸ்பத்திரியில் உரிமையாளர் என்று கையெழுத்துப் போட ஆள் இருக்காது. வலை சீர்செய்யும் இடத்தின் நிழலில் படுத்திருக்கும் அந்த 'மணி'க்குத்தான் கட்டி மிகத் தாமதமாகக் கண்ணில் படும். தடவிக்கொடுக்கும் கை பல. ஒரே கை தினமும் தடவினால்தானே போன மாதம் இல்லாதது இந்த மாதம் தட்டுப்படும்.

முதிய நாயின் தோலுக்கடியில் தட்டுப்படுவதில் கொழுப்புக் கட்டிக்குத்தான் முதலிடம். லைப்போமா என்பார்கள். விலா, மார்பு, அக்குள் பக்கங்களில் வரும். மெத்தென்றிருக்கும், விரலால் தள்ளினால் நழுவும், வலிக்காது, வருடக்கணக்கில் மெல்ல வளரும். குண்டான லாப்ரடாருக்கு ஒரே உடம்பில் நாலைந்து கூட இருக்கும். அடுத்தது தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளில் வரும் மரு போன்ற புடைப்புகள். சொறிந்து ரத்தம் வந்தாலும் பெரும்பாலும் சாதுவானவை. நீர்க்கட்டி என்று நாம் சொல்வது உடைந்தால் உள்ளிருந்து சாம்பல் நிறப் பசை வரும். சண்டையில் கடிபட்ட இடத்தில் சீழ்க்கட்டி இரண்டு மூன்று நாளிலேயே எழும்பிச் சூடாகி உடையும். காது மடலை ஓயாமல் உதறும் நாய்க்கு மடலுக்குள் ரத்தம் கட்டிக்கொண்டு தொங்கும். இவை தவிர, கட்டி என்று பதறிக்கொண்டு வந்ததை முடியை விலக்கிப் பார்த்தால் ரத்தம் குடித்து உப்பிய உண்ணியாக இருப்பதும் சகஜம். அது நல்ல நாள்.

கெட்ட கட்டிக்கு உள்ள அடையாளங்களும் பலருக்குத் தெரிந்தவையே. கல் போல் கடினமாக இருக்கும், அடியில் உள்ள தசையோடு ஒட்டிக்கொண்டு அசையாது, ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாது, புண்ணாகி ஆறாது, வேகமாக வளரும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதம் கூடாது. சிக்கல் என்னவென்றால், இவற்றில் ஒன்றுகூட இல்லாமலும் புற்றுநோய் வரும்.

அப்படி வரும் கட்டிகளில் மோசமான வேஷதாரி மாஸ்ட் செல் கட்டி. நாய்களின் தோலில் வரும் புற்றுநோய்களில் மிகப் பரவலானவற்றில் இதுவும் ஒன்று. ஒரு நாயிடம் சிவந்த சின்னப் பொத்தானாக இருக்கும்; இன்னொன்றிடம் கொழுப்புக் கட்டி மாதிரியே மெத்தென்று தோலுக்கடியில் நழுவும். இந்தக் கட்டியின் செல்களுக்குள் ஹிஸ்டமின், ஹெப்பாரின் போன்ற பொருள்கள் பொதிந்திருக்கின்றன. தேய்த்தாலோ அடிபட்டாலோ அவை வெளியே கொட்டும். கட்டி சிவந்து வீங்கும். ஒன்றிரண்டு நாளில் தானே வடியும். இன்றைக்குப் பெரிசு, நாளன்றைக்குச் சின்னது. அந்த இடைவெளியில் மஞ்சள் பத்துப் போட்டிருந்தால் பெயர் மஞ்சளுக்குப் போய்விடும். 'பத்துப் போட்டோம், கரைஞ்சிடுச்சு' என்று நிம்மதியாகச் சொல்பவரிடம், கரைந்ததுதான் சந்தேகத்துக்குக் காரணம் என்று விளக்குவது லேசான வேலை இல்லை. அதே ஹிஸ்டமின் இரைப்பையில் அமிலத்தைக் கூட்டிப் புண் உண்டாக்கும். தோலில் கட்டியுள்ள கிழ நாய் அடிக்கடி வாந்தியெடுத்து, கறுப்பாக மலம் கழித்தால் இரண்டையும் தனித்தனி வியாதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தக் கட்டியை நுண்ணோக்கியில் பார்த்துத் தரம் பிரிக்க 1984ல் பட்னாயக் என்ற நோயியலாளர் மூன்று படி முறை ஒன்றை வகுத்தார். நடுப்படியில் எதைப் போடுவது என்பதில் நோயியலாளர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லாததால், 2011ல் கியூப்பல் குழுவினர் உயர்தரம், தாழ்தரம் என்று இரண்டாகச் சுருக்கினார்கள். ஆய்வகக் கண்ணே இப்படித் தடுமாறும் கட்டியை வீட்டுத் திண்ணையில் தடவிப் பார்த்து முடிவு செய்வதில் என்ன நியாயம்?

பெரிதாவது என்றால் எவ்வளவு? சுண்டைக்காய் அளவு இருந்தது, நெல்லிக்காய் ஆனது, இப்போது எலுமிச்சை என்று சொல்வது நம் வழக்கம். கேட்கச் சுகமாக இருந்தாலும் கணக்கில் இது ஏமாற்றும். குறுக்களவு 1 செ.மீ. இருந்த கட்டி 2 செ.மீ. ஆனால் கண்ணுக்கு இரண்டு மடங்கு. கன அளவில் எட்டு மடங்கு. 1 செ.மீ. கட்டிக்குள் ஏறக்குறைய 100 கோடி செல்கள் இருக்கும் என்பது புற்றுநோயியலில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு செல்லிலிருந்து அந்த நிலைக்கு வர முப்பது முறை இரட்டிக்க வேண்டும். அதாவது நம் விரலில் தட்டுப்படும் முன்பே கதையின் பெரும்பகுதி முடிந்துவிட்டது. அதனால் காத்திருப்பதென்றால் அளந்து காத்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்து ஸ்கேலைக் கட்டியின் பக்கத்தில் வைத்துச் செல்போனில் ஒரு படம். ஒரு தாளில் நாயின் உருவத்தை இரண்டு பக்கமும் வரைந்து, எந்தக் கட்டி எங்கே என்று தேதியோடு புள்ளி. ஐந்து கட்டி உள்ள நாய்க்கு ஆறாவது எப்போது வந்தது என்று வேறு எப்படித் தெரியும்? அமெரிக்கப் புற்றுநோய்க் கால்நடை மருத்துவர் சூ எட்டிங்கர் எளிமையான விதி ஒன்றைப் பரப்பிவருகிறார். கட்டி பட்டாணி அளவுக்கு, அதாவது 1 செ.மீ. இருந்தாலோ, ஒரு மாதமாக மறையாமல் இருந்தாலோ ஊசி வைத்துப் பார்த்துவிட வேண்டும். 'இன்னும் பெரிசானா பார்க்கலாம்' என்று அனுப்பிவைக்கும் மருத்துவர்கள் எல்லா நாட்டிலும் இருப்பதால்தான் இந்த விதியே பிறந்தது.

அந்த ஊசிப் பரிசோதனை எவ்வளவு சின்ன வேலை என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மயக்க மருந்து வேண்டாம். வீட்டுக்காரர் நாயின் தலையைக் கையணைப்பில் பிடித்துக்கொள்வார். மருத்துவர் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஒரு கையால் கட்டியை நிலையாகப் பிடித்து, 22 கேஜ் அளவு மெல்லிய ஊசியை உள்ளே செலுத்தி, முழுதும் வெளியே எடுக்காமலே நாலைந்து முறை திசை மாற்றி முன்னும் பின்னும் அசைப்பார். நாய் பெரும்பாலும் தடுப்பூசிக்குக் காட்டும் எரிச்சலைக்கூட இதற்குக் காட்டாது. பிறகு காற்று நிரப்பிய சிரிஞ்சை ஊசியில் மாட்டி, உள்ளே இருப்பதைக் கண்ணாடிச் சில்லு மேல் பீச்சுவார். ஒரு சொட்டுகூட இருக்காது. இன்னொரு சில்லால் மெல்ல இழுத்துப் பரப்பி உலர வைத்தால், கொழுப்புக் கட்டி அங்கேயே பாதி காட்டிக்கொடுத்துவிடும். சில்லு உலராது, எண்ணெய் பட்டாற்போல் மினுங்கும். மற்றவை சாயத்துக்குக் காத்திருக்கும். மாஸ்ட் செல் என்றால் சாயமேறிய பிறகு செல்லுக்குள் ஊதாப் பொடிகள் நெருக்கமாகத் தெரியும். பழகிய கண்ணுக்கு அரை நிமிடம் போதும்.

சாயத்தைப் பற்றி ஒரு சின்ன விலகல். நம் ஊர் ஆய்வகங்களில் இதற்குப் பரவலாகப் புழங்கும் லீஷ்மன் சாயம் 1901ல் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் வில்லியம் லீஷ்மன் உருவாக்கியது. அவர் பெயரோடு சேர்ந்து காலா அசார் கிருமிக்குப் பெயர் தந்த சார்லஸ் டோனவன், 1903ல் அந்தக் கிருமியைக் கண்டது சென்னை அரசு பொது மருத்துவமனை நோயாளிகளிடம். அதே 1903ல்தான் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் தொடங்கியது. ஆக, கண்ணாடிச் சில்லில் சாயமேற்றி நோயைப் பார்ப்பது இந்த ஊருக்கு நேற்று வந்த வித்தை அல்ல. நாயின் கட்டிக்கு அதைக் கேட்டு வாங்க நாம்தான் பழகவில்லை.

ஊசி குத்தினால் கட்டி பரவிவிடும் என்ற பயம் இதற்கு ஒரு காரணம். தோலிலும் தோலுக்கடியிலும் உள்ள கட்டிகளில் அந்த ஆபத்து நடைமுறையில் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு சிறியது. வயிற்று வழியே சிறுநீர்ப்பைக் கட்டியை ஊசியால் குத்துவது போன்ற சில இடங்களில்தான் மருத்துவர்களே தயங்குவார்கள். ஊசிக்கும் எல்லை உண்டு. சார்கோமா வகைக் கட்டிகள் செல்களை எளிதில் விடாது. வெறும் ரத்தம் மட்டும் வரும். மறுபடி குத்த வேண்டும், அல்லது துண்டு எடுத்து பயாப்சி செய்ய வேண்டும். 'ஒன்றும் வரவில்லை' என்பதும் 'ஒன்றும் இல்லை' என்பதும் ஒன்றல்ல.

பெட்டை நாயிடம் கேள்வியே வேறு. கருத்தடை செய்யாத பெட்டைகளுக்கு வயதானால் அதிகம் வருவது மடிக்கட்டி. ஐந்து ஜோடிப் பால்காம்புகளில் பின்னால் உள்ள இரண்டு ஜோடிகளில்தான் பெரும்பாலும் தொடங்கும். வரும் கட்டிகளில் ஏறக்குறையப் பாதி கெட்டவை என்பது பாடநூல் கணக்கு. 3 செ.மீ.க்குள் எடுத்துவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது, தாண்டிவிட்டால் குறைகிறது. அளவுகோல் இங்கே வெறும் சடங்கல்ல. 1969ல் ஷ்னைடர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, முதல் பருவத்துக்கு முன் கருத்தடை செய்த பெட்டைக்கு மடிக்கட்டி வரும் ஆபத்து, செய்யாததன் ஆபத்தில் 0.5 சதவீத அளவுக்கே இருந்தது என்றது. ஒரு பருவத்துக்குப் பிறகு செய்தால் 8 சதவீதம், இரண்டுக்குப் பிறகு 26. ஐம்பது வருடமாக எல்லோரும் இந்த எண்களையே எடுத்தாள்கிறார்கள். 2012ல் பிரிட்டனில் போவே குழுவினர் இருக்கும் ஆய்வுகளையெல்லாம் சலித்துப் பார்த்து, சான்று பலவீனம் என்று எழுதினார்கள். கருத்தடை காக்காது என்று அவர்கள் சொல்லவில்லை; இத்தனை துல்லியமாகச் சொல்ல ஆதாரம் போதாது என்றார்கள். என் கணிப்பில், சூலக நோயும் கருப்பைச் சீழும் சேர்த்துப் பார்த்தால் இளமையிலேயே கருத்தடை செய்வதற்கான நியாயம் அப்படியேதான் நிற்கிறது.

மடியில் ஒரு மாற்றம் மட்டும் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. கட்டியாகத் திரளாமல் மடி முழுவதும் சிவந்து, சூடேறி, கெட்டிப்பட்டு, பின்னங்கால் வரை வீங்கினால் அதைப் பால் கட்டிய வீக்கம் என்று நினைத்து ஆன்டிபயாடிக் போட்டுக்கொண்டே இருப்பார்கள். குட்டி போடாத பத்து வயதுப் பெட்டைக்கு எங்கிருந்து பால் கட்டும்? அழற்சி வகைப் புற்றுநோயாக இருந்தால் அறுவை சிகிச்சை உதவாது. வலியைக் குறைப்பதுதான் செய்யக்கூடியது. மற்ற மடிக்கட்டிகளுக்கு வெட்டுவதற்கு முன் நுரையீரல் எக்ஸ்ரே அவசியம். பரவல் முதலில் தெரியும் இடங்களில் அது முக்கியமானது.

கருத்தடை செய்யாத கிழட்டு ஆண் நாய்க்கு ஆசனவாயைச் சுற்றி வரும் கட்டி பெரும்பாலும் ஆண் ஹார்மோனை நம்பி வளர்வது. விதை நீக்கினாலே சுருங்கிவிடும். ஒரு விதை பெரிதாகி மற்றது சூம்பினால் விதைக் கட்டி. பெரிய இனத்து நாய் நொண்டி, முழங்கால் பக்கமோ மணிக்கட்டுக்கு மேலோ எலும்பு புடைத்தால் சுளுக்கு என்று எண்ணெய் தேய்க்காமல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

நெறி கட்டுவது பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். தாடைக்கடியிலும் தோளுக்கு முன்னும் பின்னங்கால் முட்டிக்குப் பின்னும் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் கட்டி தட்டுப்பட்டால் லிம்போமா எனும் நிணநீர்ப் புற்று என்று மேல்நாட்டுப் புத்தகம் முதலில் நினைக்கச் சொல்லும். உண்ணி மலிந்த சென்னையில் உண்ணிக் காய்ச்சலும் அதையே செய்யும். இரண்டையும் பிரிப்பது ரத்தப் பரிசோதனையும் ஊசியும்தான். அதற்கு முன்னால் 'கட்டி கரைய' என்று ஸ்டீராய்டு ஊசி போட்டுவிட்டால் இரண்டு நாளில் நெறி வற்றும், எல்லோருக்கும் சந்தோஷம். லிம்போமாவாக இருந்தால் நோயின் தடயம் மங்கிவிடும், பின்னால் கொடுக்கும் மருந்துக்கு அது படியாமலும் போகலாம். பெயர் தெரியும் முன் ஸ்டீராய்டு வேண்டாம் என்று நாய் வைத்திருப்பவரே சொல்லலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

துறைமுகப் பகுதியில் இருந்துகொண்டு ஒரு கட்டியைப் பற்றி மட்டும் பேசாமல் போக முடியாது. தெரு நாய்களின் பிறப்புறுப்பில் சிவந்து, எளிதில் ரத்தம் கசியும் சதையாக வளரும் தொற்றுக்கட்டி. இணை சேரும்போதும் நக்கும்போதும் முகரும்போதும் பரவுவதால் சில நாய்களுக்கு மூக்கிலும் வாயிலும் வரும். இது முதுமையின் நோய் அல்ல. இணைசேரும் வயதில்தான் அதிகம். ஆனால் கவனிக்க ஆளில்லாத நாய் இதை முதுமை வரை சுமக்கும். இங்கே தொற்றுவது கிருமி அல்ல, புற்றுச் செல்லே. ஒரு நாயின் உடம்பிலிருந்து உயிருள்ள செல் இன்னொரு நாயில் போய் ஒட்டி வளர்கிறது. 1876 வாக்கில் ரஷ்யக் கால்நடை மருத்துவர் நோவின்ஸ்கி ஒரு நாயின் கட்டியை இன்னொரு நாய்க்கு ஒட்டவைத்துக் காட்டியது இந்த நோயில்தான். 2006ல் லண்டனில் ராபின் வைஸ் குழுவினர் இத்தாலி, இந்தியா, கென்யா நாய்களின் கட்டிகளை மரபணு வழியாக ஒப்பிட்டார்கள். கட்டிகள் ஒன்றுக்கொன்று சொந்தம், அவை வளர்ந்த நாய்களுக்கு அந்நியம் என்று தெரிந்தது. 2019ல் வந்த பெரிய ஆய்வு 546 கட்டிகளைப் படித்து, ஆசியாவில் 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே ஒரு நாயின் கட்டிதான் இன்றுவரை உடம்பு விட்டு உடம்பு தாவி வாழ்கிறது என்று கணித்தது. உலகெங்கும் அது பரவியது கடந்த ஐந்நூறு ஆண்டுகளில், கப்பலேறிய நாய்களோடு. துறைமுகங்கள்தான் அதன் இறங்குதுறைகள். ராயபுரம் கடற்கரையில் திரியும் நாயின் உடம்பில் இருப்பது, அந்த நாயைவிடப் பல ஆயிரம் வயது மூத்த கட்டி.

இத்தனை பழைய கட்டி ஓர் எளிய மருந்துக்குப் பணிகிறது என்பதுதான் ஆச்சரியம். வின்கிரிஸ்டின். வாரம் ஒரு முறை நரம்பில் ஏற்றினால் நாலு முதல் ஆறு வாரத்தில் பெரும்பாலான நாய்களுக்குக் கட்டி முழுக்கக் கரைந்துவிடும். இங்கே கரைவது நிஜமான கரைவு. மருந்தின் மூலம் நித்தியகல்யாணிச் செடி. வடசென்னையில் மயானச் சுவரோரமும் ரயில்வே காலி மனையிலும் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்குமே, சுடுகாட்டு மல்லி, அதுதான். அதற்காக இலையைப் பறித்து அரைத்துக் கொடுத்துவிடக் கூடாது; செடி விஷம். மருந்தே நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை அழுகும், வெள்ளணுக்களைக் குறைக்கும். பழகிய கை வேண்டும். அதைவிடக் கஷ்டம் அதே தெரு நாயை அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் பிடிப்பது. சோறு வைக்கும் அக்கா கூப்பிட்டால் வரும் நாய், வண்டியைப் பார்த்தால் தண்டவாளம் தாண்டிப் போய்விடும். இந்த நோயைத் தெருவிலிருந்து குறைக்க உண்மையில் உதவுவது கருத்தடைதான். 1964லேயே புளூ கிராஸ் அமைப்பு இதைச் செய்யத் தொடங்கியது. 1996ல் மாநகராட்சி நாய்களைக் கொல்வதை விட்டுவிட்டுக் கருத்தடைக்கு மாறியது. 2024 கணக்கெடுப்பில் சென்னையில் சுமார் 1.8 லட்சம் தெரு நாய்கள். மாநகராட்சியின் புளியந்தோப்புக் கருத்தடை மையம் எவ்வளவு வேலை செய்தாலும் முடியாது என்று புரிந்துகொள்ள அந்த எண் போதும்.

வீட்டுக் கைவைத்தியத்தில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் பெரிய தீங்கில்லை, நேரத்தைத்தான் தின்னும். மெக்கானிக் ஷெட்டுகள் நிறைந்த இந்தப் பக்கத்தில் தோல் வியாதி என்றாலே வேஸ்ட் ஆயில் பூசும் பழக்கம் இருக்கிறதே, அதை நிறுத்த வேண்டும். நாய் நக்கும், எண்ணெயோடு உலோகக் கழிவும் உள்ளே போகும். அதுபோல மனிதர் சாப்பிடும் புரூஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகள். வலி குறையுமென்று கொடுத்தால் கிழ நாயின் இரைப்பையும் சிறுநீரகமும் போகும்.

'இந்த வயசுல ஆபரேஷன் தாங்குமா டாக்டர்?' என்று கேட்காதவர் இல்லை. மயக்கத்தின் ஆபத்தைத் தீர்மானிப்பது பிறந்த வருடத்தைவிட இதயமும் சிறுநீரகமும் கல்லீரலும்தான். ரத்தப் பரிசோதனை நன்றாக வந்த பன்னிரண்டு வயது நாய், நோயுள்ள ஏழு வயது நாயைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் எடுக்கவே வேண்டாத கட்டிகளும் உண்டு. ஊசியில் கொழுப்பு என்று தெரிந்து, நடக்க இடைஞ்சல் செய்யாத கட்டியைப் பதினாலு வயது நாயிடமிருந்து வெட்டியெடுப்பது வீட்டுக்காரரின் மனதுக்குச் செய்யும் சிகிச்சை. பரவிவிட்ட நோயில் வலி மருந்தும் நல்ல படுக்கையும் போதுமென்று முடிவெடுப்பதும் சிகிச்சைதான். ஒன்றும் செய்யாமலிருக்கவும் நோயின் பெயர் தெரிய வேண்டும். எனக்குக் கோபம் வருவது வேறொரு மிச்சப்படுத்தலில். ஆயிரக்கணக்கில் செலவழித்து அறுவை செய்துவிட்டு, எடுத்த கட்டியை ஃபார்மலினில் போட்டு நோயியல் துறைக்கு அனுப்பச் சில நூறு ரூபாய் யோசிப்பார்கள். கட்டி குப்பைக்குப் போகும். ஓரங்களில் நோய் மிச்சமிருக்கிறதா என்று அதை மட்டும்தான் கேட்டிருக்க முடியும். ஆறு மாதம் கழித்துப் பக்கத்திலேயே இன்னொன்று வந்தால் பழையதா புதியதா என்று சொல்ல ஆளில்லை.

கடைசியாக, இந்த ஊரில் எவரும் கேட்காமல் விடாத கேள்வி: 'எல்லாம் இந்தப் புகையாலதானே?' கேட்க எல்லா உரிமையும் உள்ள மக்கள் இவர்கள். கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல். 2017 ஜனவரி 28ல் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே கப்பல் மோதி எர்ணாவூர்க் கரையில் கையால் வாரிய எண்ணெய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் பரவிய எண்ணெய். அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா. அந்தச் சேற்றில் படுத்து, அந்தத் தண்ணீரை நக்கி, தரையோடு மூக்கை வைத்து மூச்சு விடுவது நாய். மனிதரைவிட வேகமாக வாழ்ந்து முடிப்பதால் நஞ்சின் விளைவும் அதனிடம் முன்னதாகத் தெரியும். 1983ல் அமெரிக்காவில் கிளிக்மன் குழுவினர், கல்நாரோடு பழகும் வேலை செய்தவர்களின் வளர்ப்பு நாய்களுக்கு மீசோதீலியோமா என்ற புற்று வருவதைக் காட்டினார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு ஹேய்ஸ் குழுவினர் நாய்களின் சிறுநீர்ப்பைப் புற்றையும் அவை வாழ்ந்த மாவட்டங்களின் தொழிற்சாலை நெருக்கத்தையும் இணைத்துப் பார்த்தார்கள். 2009ல் இத்தாலியின் நேப்பிள்ஸ் பக்கத்தில், சட்டவிரோதக் கழிவு கொட்டும் பகுதிகளின் நாய்களுக்கு லிம்போமா ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் என்று மார்கொனாட்டோ குழு கண்டது. அதே ஆய்வில் மடிக்கட்டியிலும் மாஸ்ட் செல்லிலும் அந்த வித்தியாசம் இல்லை. இது முக்கியம். எல்லாக் கட்டிக்கும் புகையைக் கை காட்டினால், புகை உண்மையில் செய்ததும் கூட்டத்தில் மறைந்துபோகும். திருவொற்றியூர்ப் பெட்டையின் மடிக்கட்டிக்கு முதலில் பார்க்க வேண்டியது அதன் கருத்தடை வயது. எண்ணூர் நாயின் நெறிக்கு முதலில் உண்ணி.

மார்கொனாட்டோ குழுவால் அப்படிப் பிரித்துச் சொல்ல முடிந்தது, எண்ணிக்கை வைத்திருந்ததால். அதே இத்தாலியில் ஜெனோவா, நம்மைப் போலவே துறைமுகமும் ஆலைகளும் உள்ள ஊர். 1985லேயே நாய்களின் கட்டிகளுக்கு ஒரு பதிவேடு தொடங்கியது. மனிதருக்கு அப்படிப்பட்ட பதிவேடு சென்னையிலும் 1981லிருந்து அடையாறு புற்றுநோய் நிலையத்தில் இருக்கிறது. நாய்க்கு வேண்டியதில் பாதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. 2025 கடைசியில் மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியதால், எந்த வட்டாரத்தில் எத்தனை நாய் என்ற வகுக்கும் எண் திரளத் தொடங்கியிருக்கிறது. வகுபடும் எண் கால்நடை மருத்துவக் கல்லூரியின் நோயியல் துறைக்கு வரும் பரிசோதனைப் படிவங்களில் இருக்கிறது. படிவத்தில் நாயின் வயது, இனம், பால், கருத்தடை ஆனதா, கட்டி எந்த இடம், எத்தனை செ.மீ. என்பதோடு பின்கோடும் கட்டாயம் கேட்கப்பட வேண்டும். ராயபுரம் 600013, திருவொற்றியூர் 600019, எண்ணூர் 600057. தெரு நாய்க்கு, அதைத் தூக்கி வந்தவரின் பின்கோடு போதும்.